கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு எதைக் காட்டுவது?

கல்யாண வேலைப் பட்டியலில் எல்லாம் இருக்கும். மண்டபம், ஐயர், சமையல், பூ, நாதஸ்வரம், புகைப்படக்காரர், தாம்பூலப் பை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, யார் பொறுப்பு என்று பெயரும் போட்டிருப்போம். ஆனால் ‘வெளியூர் விருந்தாளிகள்’ என்ற வரிக்கு எதிரே பெரும்பாலும் இரண்டே சொற்கள்தான் இருக்கும்: அறை, வண்டி. விமான நிலையத்தில் வரவேற்று, அறையில் இறக்கி, மண்டபத்துக்கு அழைத்துப் போய், திரும்ப விமானம் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். நடுவில் இருக்கும் நேரத்தில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

சென்ற ஆண்டு என் தம்பியின் திருமணத்தில் அந்த வரிக்கு எதிரே என் பெயர் எழுதப்பட்டது. மூத்தவள், ஆண்டு விடுப்பு மிச்சம் வைத்திருப்பவள் என்ற இரண்டு தகுதிகள் போதுமானதாக இருந்தன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மொத்தம் 31 பேர். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா வழிச் சொந்தம் எட்டுப் பேர். ஈப்போவிலிருந்தும் ஜோகூர் பாருவிலிருந்தும் அம்மா வழிச் சொந்தம் 14 பேர். சென்னையிலிருந்து தம்பியின் அலுவலக நண்பர்கள் நால்வர். மெல்பர்னிலிருந்து மாமா மகள் குடும்பம் ஐவர், அதில் மூன்று பிள்ளைகள்.

சிங்கப்பூரைச் சுற்றிக்காட்டுவது கடினமான வேலை இல்லை. ஊர் சிறியது, ரயில் இருக்கிறது, பார்ப்பதற்கு இடங்கள் இருக்கின்றன. யாருக்கு எதைக் காட்டுவது என்பதுதான் கேள்வி. எல்லாரையும் ஒரே பேருந்தில் ஏற்றி மெர்லயன், செந்தோசா, முஸ்தஃபா என்று மூன்று இடங்களில் இறக்கி ஏற்றினால் வேலை சுலபமாக முடிந்துவிடும். எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே மாதிரி களைத்துப்போய் மண்டபத்துக்கு வருவார்கள்.

அதனால் ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். “இங்கே வந்தால் எதைப் பார்க்க ஆசை? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.”

பதில்கள் உடனே வந்தன. சென்னை நண்பர்களுக்கு மரினா பே இரவு வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். மெல்பர்ன் பிள்ளைகளுக்கு சாங்கி விமான நிலையத்தின் ‘ஜுவல்’ அருவி. மன்னார்குடி அத்தைக்குச் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன். ஈப்போ பெரியம்மா இப்படி எழுதியிருந்தார்: “எனக்கு ஒன்னும் பார்க்க வேணாம். உங்கம்மாகூட ஒரு நாள் உக்காந்து பேசணும். கல்யாண வீட்டுல அவ கையில கிடைக்க மாட்டா.”

கடைசியாக வந்தது பெரியப்பாவின் பதில். அவருக்கு வயது 76. பேரன் கைப்பேசியில் பேசி அனுப்பியிருந்தார். “அப்பா வேல பாத்த எடத்த ஒரு தடவ பாக்கணும்மா. மத்தது ஒங்க இஷ்டம்.”

நேரக் கணக்கு

வியாழன் எல்லாரும் வந்து சேரும் நாள். வெள்ளி மாலை வீட்டில் நலங்கு. சனி மாலை வரவேற்பு. ஞாயிறு காலை முகூர்த்தம். செவ்வாய் புறப்பாடு. ஆக, கையில் இருந்தவை வெள்ளி காலை, சனி காலை, திங்கள் முழு நாள். ஞாயிறு பிற்பகலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முகூர்த்தச் சாப்பாடு முடிந்தபின் யாராலும் தூங்குவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது.

இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். ஒன்று, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். இரண்டு, வரவேற்பு நாளில் மதியம் ஒரு மணிக்குமேல் யாரும் வெளியே இருக்கக் கூடாது. தலை பின்ன வேண்டும், புடவை கட்ட வேண்டும், 31 பேருக்கு ஐந்தே குளியலறை.

நம் ஊர் வெயிலும் மழையும் இந்தத் திட்டத்தில் பங்குதாரர்கள். வெளிப்புற இடங்களைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மாலை ஐந்துக்குமேல் தொடங்க வேண்டும். நடுப்பகலுக்குக் குளிரூட்டப்பட்ட இடம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

புறப்படும் முன்பே சொல்லவேண்டிய சில விஷயங்களும் உண்டு. சிங்கப்பூர் வருகை அட்டையை இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. சூயிங்கம் கொண்டுவரக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கும் தடை என்பது ஊர்ப் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. மின்சிகரெட்டுக்கும் தடைதான், இளவட்டங்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளைக் கொண்டுவர முன்அனுமதி வேண்டும். எதை எடுத்து வந்தாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் கூடவே இருப்பது நல்லது. இதையெல்லாம் தமிழில் பேசி ஒரு நிமிடக் குரல்பதிவாக அனுப்பினேன். எழுதி அனுப்பியதைப் படிக்காத சித்தப்பாக்கள் அதை இரண்டு முறை கேட்டார்கள்.

பெரியவர்களும் பிள்ளைகளும்

வெள்ளி காலை மன்னார்குடிக் கூட்டத்தில் நடக்கக் கூடியவர்களையும் சென்னை நண்பர்களையும் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் அமைந்தது. 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை எழுப்பியது. அதே சாலையில் சில அடிகள் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்கா. நாகூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வாழும் அத்தை, அந்தப் பெயரைச் சிங்கப்பூரின் நடுவில் கேட்டதும் நின்றுவிட்டார். “நம்மூரு நாகூரா?” ஆமாம், நம் நாகூர்தான். தெலுக் ஆயர் ஸ்திரீட் ஒரு காலத்தில் கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல முதலில் கால்வைத்த இடங்கள் இவை. பிறகு கடலை நிரப்பி மண்ணாக்கியதால் இன்று அலை எங்கோ தூரத்தில் இருக்கிறது.

கோயில்கள் நண்பகல் வாக்கில் நடை சாத்திவிடும் என்பதை மனதில் வையுங்கள். எங்கள் மதிய நேரத்துக்குக் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருந்தது. 2015இல் திறக்கப்பட்ட இந்த அரும்பொருளகம் திங்கட்கிழமை திறப்பதில்லை, அதனால்தான் வெள்ளியில் போட்டேன். சென்னை நண்பர்களில் ஒருவர் அங்கே ஒரு மணி நேரம் நின்று படித்தார். சாப்பாடு தேக்கா உணவங்காடியில். நம் உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று பெருமையாகச் சொன்னேன். “அப்படியா, பிரியாணி நல்லாருக்கு” என்று மட்டும் பதில் வந்தது.

இரவு அதே நண்பர்கள் கரையோரப் பூந்தோட்டங்களுக்குத் தாங்களாகவே போய் வந்தார்கள். அங்கே மாபெரும் மரங்களின் ஒளி, ஒலிக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும் உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை. இளைஞர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. வங்கி அட்டையைத் தட்டி ரயிலேற முடியும் என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கே வியப்பு. ‘ஜுவல்’ அருவி 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிறது. மெல்பர்ன் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள், பத்து நிமிடம். அதற்குமேல் அவர்களைக் கட்டிப்போட்டது இரட்டை மாடிப் பேருந்து. மேல்மாடியில் முன்வரிசை இருக்கை கிடைத்தால் போதும், ஓட்டுநர் தாங்கள்தான். மன்னார்குடிப் பேரன் தமிழில் கத்த, மெல்பர்ன் பேத்தி ஆங்கிலத்தில் கத்த, சனி காலை இரண்டு மணி நேரம் ஏதோ ஒரு பேருந்தில் போய் அதே பேருந்தில் திரும்பினோம். 0.9 மீட்டர் உயரத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர் துணையோடு பயணம் இலவசம். இறங்கும்போது இருவரும் கூட்டாளிகள் ஆகியிருந்தார்கள். மண்டபத்தில் ஒருவரையொருவர் தெரியாத பிள்ளைகளாக மூலைக்கொருவராய்க் கைப்பேசியோடு உட்காராமல், நாற்காலிகளுக்கிடையே ஓடினார்கள்.

பெரியவர்களுக்கோ ரயிலில் ஒரு மகிழ்ச்சி. எச்சரிக்கைப் பலகையிலும் அறிவிப்பிலும் தமிழ் வருவதைக் கேட்டு மன்னார்குடிச் சித்தப்பா ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். பத்து வெள்ளித் தாளில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் அச்சிட்டிருப்பதைக் காட்டினேன். செலவழிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாம் தினமும் பார்த்துப் பார்த்து, பார்க்க மறந்துவிட்டவை இவை.

பெரியம்மாவின் ஆசை

ஈப்போ பெரியம்மா கேட்டது இருப்பதிலேயே கடினமானது. மாப்பிள்ளையின் அம்மாவைக் கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் வெளியே எடுப்பது லேசுப்பட்ட காரியமா?

சனி காலை ஆறரை மணிக்கு அம்மாவையும் பெரியம்மாவையும் பூமலைக்கு அழைத்துச் சென்று விட்டுவிட்டு வந்தேன். பூமலை 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் உலக மரபுடைமைத் தலமானது. காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். அம்மாவின் கைப்பேசியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சமையல்காரர் அழைத்தார், பூக்கடைக்காரர் அழைத்தார், சம்பந்தியம்மா இரண்டு முறை அழைத்தார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பப் போனபோது இருவரும் ஏரிக்கரை இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தோசை சாப்பிடப் போகும் வழியில் அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். அந்த வாரம் முழுக்க அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பெரியப்பாவின் செம்பவாங்

தாத்தா 1951இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறி இங்கே வந்தார். செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரர்களின் கடற்படைத் தளத்தில் வேலை. 1938இல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். தாத்தா புறப்பட்டபோது பெரியப்பாவுக்கு இரண்டு வயது. 1956இல் ஊருக்கு வந்த தாத்தா, பாட்டியை மட்டும் அழைத்துக்கொண்டு திரும்பினார். கொள்ளுப்பாட்டிக்குத் துணை வேண்டும், இருந்த கொஞ்ச நிலத்துக்கு ஆள் வேண்டும், பையனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று காரணங்கள். பெரியப்பா ஊரிலேயே தங்கினார். என் அப்பா 1958இல் இங்கே, தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார்.

அதற்குப் பிறகு தாத்தா ஊருக்குப் போனது இரண்டே முறை. 1984இல் அவர் இறந்தபோது பெரியப்பாவிடம் கடவுச்சீட்டு இல்லை. தந்தி போய்ச் சேர்ந்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது. ஊரில் வாய்க்கால் கரையில் காரியம் செய்தார். தம்பியின் கல்யாணத்துக்காகத்தான் அவர் முதன்முதலாகக் கடவுச்சீட்டு எடுத்தார்.

திங்கட்கிழமை காலை பெரியப்பா, அப்பா, நான் மூவரும் வாடகைக் காரில் செம்பவாங் போனோம். மற்றவர்கள் முஸ்தஃபாவில் பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அன்றைக்கு வரவைப்பதும் எளிதாக இல்லை. மண்டபக் கணக்கு, பாத்திரக் கணக்கு என்று ஏதேதோ சொன்னார். அத்தைதான் அதட்டி அனுப்பினார்.

தளம் 1968இல் கப்பல் பட்டறை ஆனது. பிரிட்டிஷ் படைகள் 1971இல் வெளியேறின. பட்டறைக்குள் போக முடியாது என்று பெரியப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். வெளியிலிருந்து மதிலைப் பார்த்தோம். பிறகு செம்பவாங் பூங்காவுக்குப் போனோம். கடலுக்குள் நீளும் பழைய படகுத்துறை ஒன்று அங்கே இருக்கிறது. எதிரே ஜோகூர்க் கரை. வார நாள் என்பதால் தூண்டில் போட்டிருந்த இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

பெரியப்பா துறையின் முனைவரை நடந்தார். “நீ பொறந்த வீடு எந்தப் பக்கம்?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கையை நீட்டினார், பிறகு கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார், பிறகு இறக்கிக்கொண்டார். “அந்த லைன் வீடெல்லாம் எப்பவோ இடிச்சிட்டாங்க அண்ணே. எனக்கே சரியாத் தெரியலை.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அப்பாதான் ஆரம்பித்தார். “சம்பளம் வாங்குன அன்னைக்கே அப்பா தபால் ஆபிசுக்குப் போயிடுவாரு. மொத செலவு ஒங்களுக்கு மணியார்டர்தான். எனக்குச் சட்டை வேணும்னு அழுதா, அண்ணனுக்கு அனுப்பிட்டு மிச்சம் இருந்தா பாக்கலாம்பாரு.”

“பணம் தவறாம வந்துச்சு தம்பி,” என்றார் பெரியப்பா. “ஆளுதான் வரல.”

அறுபது ஆண்டுகளாக, அப்பாவின் மனதில் பெரியப்பாதான் செல்லப்பிள்ளை. பெரியப்பாவின் மனதில் அப்பாதான். இருவருக்கும் இடையே இது ஒருநாளும் சண்டையாக வெடித்ததில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைபேசியில் நலம் விசாரிப்பார்கள், இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். ஏன் இரண்டு நிமிடத்துக்குமேல் நீள்வதில்லை என்று நான் யோசித்ததில்லை. அன்று அந்தப் படகுத்துறையில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். நான் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் பெரியப்பா கேட்டார்: “ஏம்மா, இங்க எங்கயோ தரையிலேருந்து வெந்நி வருமாமே?”

வரும். செம்பவாங் வெந்நீர் ஊற்று 1909இல் கண்டறியப்பட்டது. பிறகு ஒரு பானத் தயாரிப்பு நிறுவனம் அந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்ற காலமும் உண்டு. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள். நுழைவு இலவசம். ஏறக்குறைய 70 டிகிரியில் வரும் நீர், படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறி, கால் வைக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

தாத்தா கடிதத்தில் எழுதியிருந்தாராம். இங்கே பூமியிலிருந்து வெந்நீர் தானாக வருகிறது, ஆட்கள் வாளியில் பிடித்துக் குளிக்கிறார்கள் என்று. அப்போது பெரியப்பா நான்காம் வகுப்பு. பெருமையோடு கடிதத்தை வகுப்பில் வாசித்திருக்கிறார். விறகில்லாமல் வெந்நீரா என்று வகுப்பே சிரித்திருக்கிறது. வாத்தியாரும் சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் ‘வெந்நி’. அப்பாவுக்கு இது தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது.

வழியில் ஒரு காப்பிக்கடைக்குப் பக்கத்துக் கடையில் பத்து முட்டை வாங்கினோம். ஊற்றில் முட்டை அவிக்கத் தனி இடம் இருக்கிறது. நம் மக்கள் பலர் குடும்பமாக வந்து அதைத்தான் செய்கிறார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் காலை விட்டார், உடனே எடுத்தார், மறுபடி விட்டார். முட்டை வேகும்வரை வாளியைவிட்டு நகரவில்லை. ஒன்றை உரித்து அப்பாவிடம் கொடுத்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, “படம் எடு, ஓடுற படமா எடு,” என்றார். வாளியைக் காட்டினார், ஆவியைக் காட்டினார், காலைக் காட்டினார். அவருடைய நான்காம் வகுப்புக் கூட்டாளிகளில் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். அவருடைய பேரன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். காணொளியில் அவர் பேசியது ஒரே வரி: “பாத்துக்கடா, எங்கப்பா பொய் சொல்லல.”

கூடப்போக ஓர் ஆள்

திட்டம் போடுகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல ஒன்று உண்டு. விருந்தாளிகளுக்கு இடம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. செம்பவாங்கும் பூமலையும் இல்லாவிட்டால் அந்தப் பேச்சுகள் நடந்திருக்காது. கூடத்தில் நாற்காலி போட்டு ‘பேசுங்கள்’ என்றால் யாரும் பேசுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது, எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நம் ஆட்களுக்கு வாய் திறக்கிறது.

ஆனால் கூடப்போக வீட்டு ஆள் வேண்டும். காசு கொடுத்து அமர்த்திய வழிகாட்டி 1827 என்று ஆண்டைச் சொல்லுவார், “நீ பொறந்த வீடு எந்தப் பக்கம்?” என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. மாப்பிள்ளை பெண்ணாலும் அவர்களின் பெற்றோராலும் எல்லா இடத்துக்கும் போக முடியாது. அண்ணன், அக்கா, ஒன்றுவிட்ட தம்பி என்று ஐந்தாறு பேர் இருந்தால் ஒருவருக்கு ஒரு காலைப் பொழுது போதும். எங்கள் வீட்டில் நான்கு பேர் அப்படிப் பிரித்துக்கொண்டோம். ரயில், பேருந்து, உணவங்காடி, முட்டை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் செலவு மண்டபப் பூ அலங்காரத்தில் ஒரு சிறு பங்குகூட வரவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறவர்களில் சிலர் மறுபடி எப்போது வருவார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. வயதானவர்கள் அதை நம்மைவிட நன்றாக அறிந்தே விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் மேடையில் ஏறி, அட்சதை தூவி, படமெடுத்து இறங்குவது மூன்று நிமிடம். மற்ற நான்கு நாள்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

வரும் தை மாதம் ஈப்போவில் பெரியம்மா வீட்டுக் கல்யாணம். இந்த முறை நாங்கள் வெளியூர் விருந்தாளிகள். எத்தனை அறை வேண்டும் என்று போன வாரம் கேட்டார்கள். கூடவே, “எதைப் பார்க்க ஆசை?” என்றும் பெரியம்மாவின் மகள் எழுதியிருக்கிறாள். சுங்கை சிப்புட் பக்கத்தில் அம்மா பிறந்த ரப்பர் தோட்டம் இருக்கிறது. மரங்களை வெட்டிவிட்டார்கள் என்கிறார்கள், கோயில் மட்டும் இருக்கிறதாம். அம்மாவிடம் கேட்டேன். “அதுக்கெல்லாம் கல்யாண வீட்டுல யாருக்கு நேரம் இருக்கும்?” என்றார். ‘ஞாயிறு காலை, இரண்டு பேர், பெரியம்மாவும் கூட வரணும்’ என்று பதில் எழுதிவிட்டேன்.